முழங்கால் மூட்டும் ஒட்டுக் கன்றும்

 

வாலாசாபேட்டையிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் காவேரிப்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. வரலாறு படித்தவர்கள் இவ்வூரை அறிவர். 1752-ஆம் ஆண்டு கிளைவின் படைக்கும், சந்தா சாகிபின் மகன் இராசா சாகிபின் படைக்கும் போர் நிகழ்ந்த இடம் இது. உழவர்கள் இவ்வூரை வேறு காரணத்தால் அறிவர். பல்லவர் காலத்தது என்று போற்றப்படும் பேரேரி ஒன்று இங்கே உள்ளது. அந்த ஏரிக்கரைக்கு அருகில்தான் என் தமக்கையார் வாழ்கிறார். அவருக்கு வயது எழுபத்தொன்று. இன்றைய பேச்சு அவருடைய முழங்காலில் தொடங்குகிறது.

பல ஆண்டுகளாக அவர் முழங்கால் வலியால் துன்புற்றார். முதலில் ஏரிக்கரை ஏறுவதை நிறுத்தினார். பிறகு கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கடைசியில் இரவில் உறங்குவதும் அரிதாயிற்று. படத்தைப் பார்த்த மருத்துவர், "குருத்தெலும்பு முழுவதும் தேய்ந்துவிட்டது, மூட்டை மாற்றுவதே வழி" என்றார். அதே மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவரும் அதே மருத்துவரிடம் வந்திருந்தார். இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர், வயது ஐம்பத்திரண்டு. ஈரத்தோலைச் சுமந்து சுமந்து, இளமையில் பட்ட ஓர் அடியும் சேர்ந்து, அவருடைய வலது முழங்கால் கெட்டுப்போயிருந்தது.

இருவருக்கும் அறுவை நடந்தது. என் மாணவருக்குச் சிமெண்டு இல்லாத மூட்டு. என் தமக்கையாருக்குச் சிமெண்டு வைத்த மூட்டு. உடனே உறவினரிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "புதிய முறையை அவனுக்குச் செய்துவிட்டு, பழைய முறையை அக்காவுக்குச் செய்துவிட்டார்களே! பணம் குறைவென்றா, வயதாகிவிட்டதென்றா?" என்று என்னையே கேட்டனர். நான் ஆசிரியனாக இருந்தவன். விடை தெரியாத வினாவை அப்படியே விட்டுவிடும் பழக்கம் எனக்கில்லை. தேடிப் படித்தேன், மருத்துவரையும் கேட்டேன். அவ்வாறு கற்றதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்துள்ளேன்.

முதலில், மூட்டு மாற்று என்றால் என்ன? முழங்கால் முழுவதையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள் என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. தொடையெலும்பின் கீழ்நுனியிலும், கீழ்க்காலின் பேரெலும்பின் மேல்நுனியிலும் தேய்ந்துபோன பரப்பை மட்டும், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவிற்குச் சீவி எடுக்கின்றனர். அந்த இடத்தில் உலோகக் கவசங்களைப் பொருத்துகின்றனர். இரண்டு கவசங்களுக்கும் நடுவே, குருத்தெலும்பின் வேலையைச் செய்வதற்குப் பாலிஎத்திலீன் என்னும் வழவழப்பான பொருளால் ஆகிய தகடு ஒன்றை வைக்கின்றனர். தசையும் நரம்பும் பெரும்பாலான தசைநார்களும் நம்முடையனவே. ஆகவே இது மூட்டை மாற்றுவது என்பதைவிட, மூட்டின் முகப்பை மாற்றுவது என்பதே பொருந்தும்.

இந்தக் கலை ஒரே நாளில் வளர்ந்ததன்று. 1890-ஆம் ஆண்டில் செர்மனி நாட்டுத் தலைநகரில் குளுக் என்னும் அறுவை மருத்துவர் யானைத் தந்தத்தால் ஒரு கீல் செய்து முழங்காலில் பொருத்தினார். அந்நாளில் காசநோயால் மூட்டழிந்தோர் பலர். நோய்க்கிருமி உள்ளே இருந்தமையால் அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் இங்கிலாந்தில் சார்ன்லி என்னும் பேரறிஞர் இடுப்பு மூட்டைப் பற்றி ஆராய்ந்தார். உலோகத்தை எலும்பில் அசையாமல் நிறுத்துவது எப்படி என்பதே அவருடைய வினா. விடை பல் மருத்துவத்திலிருந்து வந்தது. செயற்கைப் பல்வரிசை செய்யப் பயன்படும் அக்ரிலிக் என்னும் பொருளை 1958-ஆம் ஆண்டளவில் அவர் எலும்பில் பயன்படுத்தத் தொடங்கினார். அவரிடம் பணியாற்றிய கன்ஸ்டன் என்னும் கனடா நாட்டவர் 1968-இல் அதே முறையை முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1974-இல் நியூயார்க்கு நகரத்து மருத்துவமனை ஒன்றில், இன்சால், இரணவத், வாக்கர் ஆகிய மூவரும் வடிவமைத்த முழங்கால் மூட்டு பயன்பாட்டிற்கு வந்தது. இன்றைய மூட்டுகளில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. அம்மூவருள் இரணவத் நம் நாட்டில் பிறந்தவர் என்பதை நீங்கள் அறிய வேண்டும். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் இடது காலுக்கும், 2001-ஆம் ஆண்டு சூனில் வலது காலுக்குமாகப் பிரதமர் வாச்பாய் அவர்களுக்கு மும்பையில் முழங்கால் மாற்று நடந்தபோது, அதைச் செய்தவரும் அவரே. நாடு முழுவதும் சாதாரண மக்கள் இவ்வறுவையைப் பற்றிப் பேசத் தொடங்கியது அந்நாளிலிருந்துதான்.

இங்கே 'சிமெண்டு' என்னும் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் வேண்டும். வீடு கட்டும் சிமெண்டு வேறு, இது வேறு. தூள் ஒன்றும் நீர்மம் ஒன்றும் கலக்கும்போது பிசைந்த மாவுபோலாகிச் சூடேறி, பத்துப் பதினைந்து நிமிடங்களில் கல்போல் இறுகிவிடும் அக்ரிலிக் பொருள் இது. ஆம்பூரில் செருப்புத் தைப்பவர் அடித்தோலை ஒட்டுவதுபோல இது ஒட்டுவதுமில்லை. எலும்பின் நுண்ணிய குழிகளுக்குள் புகுந்து இறுகி, உலோகத்திற்கும் எலும்புக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பி நிற்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கொத்தனார் இடும் சாந்து என்று சொன்னால் சரியாக இருக்கும். இதன் பெருநன்மை என்னவென்றால், அறுவை முடிந்த அன்றே மூட்டு உறுதியாக நிற்கும். கிருமியைத் தடுக்கும் மருந்தையும் அச்சாந்தில் கலந்து வைக்கலாம். குறை என்னவென்றால், சாந்து உயிரற்ற பொருள். பல்லாண்டுகள் பாரம் தாங்கித் தாங்கி எங்கேனும் விரிசல் கண்டால், அது தானாக ஆறாது.

சிமெண்டில்லா முறையின் அடிப்படை முற்றிலும் வேறு. 1952-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் பிரானெமார்க் என்னும் அறிஞர் முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன கருவி ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியை எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிவிட்டிருந்தது. வேறொன்றைத் தேடப் போனவர் பெரியதொன்றைக் கண்டார். எலும்பு உயிருள்ள பொருள். தகுந்த உலோகம் அருகிலிருந்தால் அதைப் பகையாகக் கொள்ளாமல் பற்றிக்கொள்ளும் என்பது புலனாயிற்று. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹங்கர்ஃபோர்டு என்பவரும் அவருடைய துணைவரும் நுண்துளைகள் நிறைந்த மேற்பரப்புடைய முழங்கால் மூட்டு ஒன்றை உருவாக்கினர். துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து புகுந்து, சாந்தின்றியே மூட்டை நிறுத்திவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

இதை விளங்கிக்கொள்ள மாணவர்கள் மாமரத் தோட்டத்திற்குப் போனால் போதும். தோட்டக்காரர் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தாய்ச்செடியின் தண்டையும் ஒட்டுக் கிளையையும் சாய்வாகச் சீவி, வெட்டுமுகம் வெட்டுமுகத்தோடு நெருங்கப் பொருத்தி, இறுகக் கட்டிவிடுவார். அந்த வேலைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. இரண்டு முகங்களுக்கும் நடுவே இடைவெளி இருத்தல் ஆகாது. கட்டு அசைதல் ஆகாது. தாய்ச்செடி நல்ல உயிருடன் இருத்தல் வேண்டும். சிமெண்டில்லா மூட்டுக்கும் அதே மூன்று நிபந்தனைகள். எலும்பைச் சீவுவது மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். முதற் சில வாரங்களில் உலோகம் எலும்பின்மேல் அசையலாகாது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால், துளைகளுக்குள் எலும்பு வளராமல் நார்த்திசு வளர்ந்துவிடும், மூட்டு தளர்ந்துபோகும். இறுதியாக, எலும்பு வலுவும் வளமும் உடையதாக இருத்தல் வேண்டும்.

இப்போது என் உறவினர் கேட்ட வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா? என் மாணவரின் எலும்பு கெட்டியானது. இன்னும் பல்லாண்டு உழைக்க வேண்டிய கால். அங்கே ஒட்டுப் பிடிக்கும் என்று மருத்துவர் நம்பினார். என் தமக்கையாரின் எலும்போ முதுமையால் மெலிந்து பஞ்சுபோலாகியிருந்தது. அங்கே சாந்தே நம்பத்தக்கது. மருத்துவர் ஒருவருக்குச் சலுகை காட்டி மற்றவரை ஒதுக்கவில்லை. மண்ணைப் பார்த்து விதை இட்டார்.

ஆனால் மாணவர்களே, எண்ணம் அழகாக இருப்பதனாலேயே அது உண்மையாகிவிடாது. 1980-களில் வந்த சிமெண்டில்லா மூட்டுகள் பலவற்றின் கதை துயரமானது. முழங்காற் சில்லின் பின்புறம் வைத்த உலோகத் தகட்டின்மேல் இருந்த பாலிஎத்திலீன் மெல்லியதாய் இருந்ததால் விரைவில் தேய்ந்தது. கீழெலும்பில் தகட்டை நிறுத்தத் திருகாணிகள் இட்டனர். தேய்ந்த துகள்கள் அத்திருகாணித் துளைகளின் வழியே இறங்கி, எலும்பையே அரிக்கச் செய்தன. மறு அறுவைகள் பெருகின. ஆகவே 1990-களில் அறுவை மருத்துவர்களுள் மிகப் பலர் சிமெண்டுக்கே திரும்பினர். பின்னர் டாண்டலம் என்னும் உலோகத்தால் கடற்பஞ்சு போன்ற அமைப்பையும், டைட்டானியத் தூளை அடுக்கடுக்காக உருக்கி அச்சிடும் முறையையும், தேய்வு குறைந்த பாலிஎத்திலீனையும் கண்டறிந்தனர். அதன் பிறகே இம்முறை மீண்டும் தலையெடுத்தது. என் மாணவரின் காலில் இருப்பது இவ்வாறு திருத்தம் பெற்ற மூட்டு.

அப்படியாயின் எது சிறந்தது? என் தமக்கையாரும் என் மாணவரும் ஓராண்டுக்குப் பின் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இரண்டு மாணவரின் மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளியின் தரத்தை அளப்பாருண்டோ? ஒருவர் எழுபத்தொன்று, மற்றவர் ஐம்பத்திரண்டு. ஒருவர் பெண், மற்றவர் ஆண். நோயின் காரணமும் வேறு. ஒப்பிட வேண்டுமானால் ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்க வேண்டும். அதற்குத்தான் பதிவேடு.

1975-ஆம் ஆண்டில் சுவீடன் நாடு ஒரு பெரும் பணியைத் தொடங்கியது. நாட்டில் எந்த மருத்துவமனையில் எவருக்கு முழங்கால் மாற்றப்பட்டாலும், என்ன மூட்டு, எம்முறை, பின்னர் மறு அறுவை நேர்ந்ததா என்பவற்றையெல்லாம் ஒரே பதிவேட்டில் குறித்து வைத்தது. பின்லாந்து, ஆத்திரேலியா, இங்கிலாந்து முதலிய நாடுகளும் அவ்வாறே செய்தன. ஆத்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிட்டனர். முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால்களுள் ஏறத்தாழ 82 விழுக்காடு இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கும் என்பது அம்முடிவு. பத்து ஆண்டுகூட உழைக்காது என்று நம் ஊரில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்கு இந்தக் கணக்கே மறுமொழி.

சிமெண்டு, சிமெண்டின்மை ஆகிய இரண்டையும் சீட்டுக் குலுக்குவதுபோல நோயாளருக்குப் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளும் உண்டு. அவற்றின் சாரம் இது: சில ஆண்டுகளுக்குப் பின் பார்த்தால் வலியிலோ நடையிலோ இவ்விரு முறைக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. சிமெண்டில்லா மூட்டு முதற் சில மாதங்களில் சற்றே கீழிறங்கி, எலும்பு வளர்ந்தபின் அசையாது நின்றுவிடுகிறது. சிமெண்டு வைத்தது தொடக்கத்தில் அசைவதில்லை. புதிய வகை மூட்டுகளின் இருபத்தைந்து ஆண்டுக் கணக்கு இனிமேல்தான் வர வேண்டும். உலகில் இன்றும் மிகுதியாகச் செய்யப்படுவது சிமெண்டு முறையே. ஆகவே, "புதியது, ஆதலால் உயர்ந்தது" என்று கூடுதல் பணம் கேட்பார் எவரேனும் உண்டாயின், "என் எலும்புக்கு இது ஏன் பொருந்தும்?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடுவண் அரசு முழங்கால் மூட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு கட்டியது. மிகுதியாகப் பயன்படும் கோபால்ட் குரோமிய மூட்டுக்கு அன்று வரையறுத்த விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய். கேட்டறியாதவனுக்கு விலைவரம்பினால் என்ன பயன்?

இனி, நான் மறைக்க விரும்பாத ஒன்றைச் சொல்லுகிறேன்.

ஓராண்டு கழிந்தது. என் தமக்கையாரின் வலி நீங்கிவிட்டது. ஏரிக்கரை வரை நடந்து வருகிறார். இரவில் நன்றாக உறங்குகிறார். மருத்துவரின் ஏட்டில் அது நல்ல வெற்றி. ஆனால் சென்ற தையில் வீட்டில் ஒரு விருந்து நடந்தது. கூடத்தில் பாய் விரித்து, இலை போட்டு, எல்லோரும் பந்தியில் அமர்ந்தனர். அவருக்கு மட்டும் மூலையில் ஒரு நாற்காலியும் சிறு மேசையும் போட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தம் கையால் பரிமாறி, அவர்களோடு சம்மணமிட்டு உண்பதே அவருடைய வாழ்வின் மகிழ்ச்சி. அன்று அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். "வேற்றார் வீட்டு விருந்தாளி போல இருக்கிறதடா, தம்பி" என்றார்.

மூட்டு மாற்றியபின் முழங்கால் ஏறத்தாழ 110 முதல் 120 பாகை வரை மடங்குவது வழக்கம். நாற்காலியில் அமரவும் படியேறவும் அது போதும். குந்துவதற்கும் தரையில் அமர்ந்து எழுவதற்கும் 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். அதனாலும், மூட்டு தேயாதிருக்க வேண்டும் என்பதனாலும், தரையில் அமர வேண்டாம் என்றே பெரும்பாலும் அறிவுரை கூறுகின்றனர். இது சிமெண்டு வைத்த மூட்டுக்கும் வைக்காத மூட்டுக்கும் பொது. அறுவைக்கு முன்னரே இதை அவரிடம் விளக்கியிருக்க வேண்டும். தாள்களையெல்லாம் வாங்கிப் படித்தவன் நான். கையெழுத்திடச் சொன்னவனும் நான். "இனி நீ தரையில் அமர முடியாது, சம்மதமா?" என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. கேட்டிருந்தாலும் அவர் அறுவைக்கு இசைந்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆயினும் மனம் ஆயத்தமாகியிருக்கும்.

அறுவையின் பயனை நோயாளரையே கேட்டு அளப்பதற்கு ஆக்சுபோர்டில் 1998-இல் பன்னிரண்டு வினாக்கள் கொண்ட ஓர் அட்டவணையை வகுத்தனர். உலகெங்கும் அதைப் பயன்படுத்துகின்றனர். வலி எப்படி, படியிறங்க முடிகிறதா, கடைக்குப் போய்வர முடிகிறதா என்று அது கேட்கிறது. உண்டு முடித்தபின் நாற்காலியிலிருந்து எழுவது கடினமாக இருக்கிறதா என்றும் கேட்கிறது. முழந்தாளிட்டு எழ முடிகிறதா என்று ஒரு வினாவும் உண்டு. ஆனால், பாயில் சம்மணமிட்டு உண்ண முடிகிறதா என்ற வினா அதில் இல்லை. கேட்டவர்கள் மேசையில் உண்பவர்கள். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. நம் மக்களுக்கான வினாக்களை நாம்தான் சேர்க்க வேண்டும். முழங்கால் மாற்றியவர்களுள் ஐவரில் ஒருவர் முழு நிறைவு பெறவில்லை என்று பல நாட்டு ஆய்வுகளும் கூறுகின்றன. மூட்டு நன்றாக இருந்தும் மனம் நிறையாதவர்கள் அவருள் உண்டு. எதிர்பார்ப்பும் விளைவும் ஒன்றோடொன்று பொருந்தாமை அதற்கு ஒரு காரணம்.

இந்த உண்மையை நம் பகுதி முன்பே கண்டதுண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், 1948-ஆம் ஆண்டு முதல், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். விரல்கள் நேராயின; அறுவை வெற்றி. ஆனால் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். கை நேரானதால் பிச்சை கிடைக்கவில்லை. நோயின் பெயரால் வேலையும் கிடைக்கவில்லை. விரல் நிமிர்ந்தால் போதாது, அவ்விரலால் அவர் வாழவும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1950-ஐ ஒட்டி நவசீவ நிலையம் என்னும் இல்லத்தை அமைத்து, அங்கே தச்சு முதலிய தொழில்களைப் பயிற்றுவித்தார். அவர் வெற்றியை அளந்தது அறுவைக் கூடத்தில் அன்று. அந்த மனிதர் திரும்பிச் சென்ற ஊரில்.

என் மாணவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! அவர் நலமாக நடக்கிறார். ஆனால் சுமை தூக்கும் பழைய வேலைக்குப் போகவில்லை. அதே தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரிக்கும் மேசை வேலை பெற்றிருக்கிறார். ஆறு வாரம் விடாமல் பயிற்சி செய்ததே தம்மைக் காத்தது என்கிறார். அதுவும் உண்மை. தொடைத்தசைக்கு நாள்தோறும் பயிற்சி தராவிடில், எவ்வளவு விலை உயர்ந்த மூட்டும் பயன் தராது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் பாட்டியோ தாத்தாவோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாள் வரும். அன்று தாளைப் படிப்பவராக நீங்கள் இருப்பீர்கள். சிமெண்டா, சிமெண்டின்மையா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அதை எலும்பைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். அதற்கு முன், பெரியவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "கால் குணமானால் நீங்கள் செய்ய விரும்புவது என்ன?" பிறகு மருத்துவரிடம், "அது இயலுமா?" என்று கேளுங்கள்.

என் தமக்கையாருக்காக நாங்கள் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். அடுத்த விருந்தில் அவருக்கு மட்டும் மேசை போடப் போவதில்லை. கூடத்தின் இருபுறமும் நீண்ட விசுப்பலகைகள் இட்டு, எல்லோரும் அவருக்குச் சரியான உயரத்தில் அமர்ந்து உண்பதென்று பேரப்பிள்ளைகளே முடிவு செய்துவிட்டனர். முழங்கால் மடங்காவிட்டால் என்ன? வீடு சற்று வளைந்து கொடுக்கலாமல்லவா?